கொள்ளுத்தாத்தாவின் உயிலைத் தேடும் முன் அவர் நிலத்தைத் தேடுங்கள்

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா கும்பகோணம் தாலுகாவில் மிராசுதாராக இருந்து 1930களில் காலமானவர். 1897ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்றின் நகல் மட்டும் எங்களிடம் இருக்கிறது. அவர் உயில் எழுதி வைத்தார் என்று வீட்டில் சொல்வார்கள். புரோபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) பதிவுகளில் தேடினால் கிடைக்குமா? அவருடைய வாழ்க்கையை எழுத ஆசைப்படுகிறேன்.

பதில்: உங்கள் ஆசை நிறைவேறக்கூடியதுதான். ஆனால் உயிலில் தொடங்காதீர்கள். 1870ஆம் ஆண்டின் இந்து உயில் சட்டம், சென்னை மாகாணத்தைப் பொறுத்தவரை, சென்னை நகரத்தில் எழுதப்பட்ட உயில்களையும் நகரத்திலுள்ள அசையாச் சொத்து பற்றிய உயில்களையுமே கட்டுப்படுத்தியது. 1925ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டமும் புரோபேட் கட்டாயத்தைத் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு நீட்டவில்லை. போதாததற்கு, கூட்டுக் குடும்பத்தின் பிதுரார்ஜித (முன்னோர் வழி வந்த) சொத்தில் தன் பங்கை உயில் மூலம் எழுதி வைக்கும் உரிமை 1956க்கு முன் கிடையாது. எனவே புரோபேட் கிடைக்கவில்லை என்றால் அதில் வியப்பில்லை.

கையிலிருக்கும் பத்திரத்தை எடுங்கள். அதில் அவர் பெயரைவிட முக்கியமானது நில எண். பெயர் ஊருக்கு நாலு பேருக்கு இருக்கும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தில் இரண்டு தலைமுறைகள் ஒரே ஆளாகத் தெரியும். நிலம் அப்படிக் குழப்பாது. எண் பைமாஷ் நம்பராக (பழைய நில அளவை எண்ணாக) இருந்தால், 1890களின் செட்டில்மெண்ட் (நிலவரி நிர்ணய) பதிவேட்டில் அதற்கு இணையான சர்வே எண்ணைப் பாருங்கள். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த அந்தப் பதிவேட்டில் நஞ்சை, புஞ்சை, தரம், தீர்வை (நிலவரி), பட்டாதாரர் பெயர் எல்லாம் கிராமவாரியாக இருக்கும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பித்துக் கேளுங்கள். 1980களின் யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும்) திட்டத்துக்குப் பிந்திய ‘அ’ பதிவேட்டை (கிராமத்தின் நிலப் பதிவேட்டை) மட்டும் பார்த்துவிட்டு ‘பெயர் இல்லை’ என்று திரும்பிவிடுகிறவர்கள் பலர். அது உங்கள் கொள்ளுத்தாத்தாவின் காலமே அல்ல. நிலத்தில் ஒரு பகுதி இனாமாக (வரிச் சலுகையுடன் தரப்பட்ட மானியமாக) இருந்தால் இன்னும் நல்லது. 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷனின் பதிவேடு, அன்று இனாமை அனுபவித்தவரின் வயதையும், முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதையும் சொல்லும். உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கும் முந்தைய தலைமுறை அங்கே கிடைக்கலாம்.

இனிப் பத்திரத்தையே நிதானமாகப் படியுங்கள். ‘இன்னார் குமாரர், மிராசு சுகஜீவனம்’ என்று தொடங்கும் வரியில் தந்தை பெயரும் தொழிலும் இருக்கின்றன. நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில் பக்கத்து நிலக்காரர்களின் பெயர்கள் வரும். அவர்களில் ஒருவர் பங்காளியாக இருக்க வாய்ப்பு அதிகம்; முன்பு ஒன்றாக இருந்த நிலம் பிரிந்ததற்கு அது தடயம். பசலி (வருவாய்த் துறைக் கணக்கின் ஆண்டு) கொடுத்திருந்தால் 590ஐக் கூட்டுங்கள்: பசலி 1307 என்பது 1897 ஜூலையில் தொடங்கும் ஆண்டு. தமிழ் வருடப் பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஹேவிளம்பி 1837இலும் வரும், 1897இலும் வரும்.

அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். பத்திரப் பதிவு 1865 முதல் சட்டப்படி நடந்து வருகிறது. இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று அவ்வளவு பின்னால் போகாது. ஆகவே அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதலாம் புத்தகத்தின் அட்டவணைகளைக் கையால் தேடச் சொல்லி மனு கொடுங்கள். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் என இரு பக்கமும் தேட வேண்டும். இங்கே நீங்கள் வேட்டையாட வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரம். என்னைக் கேட்டால், உயிலைவிட அதுவே உயர்ந்த ஆவணம். மகன்கள், மைனர்களுக்குக் கார்டியன், வேலிக் (பழைய நில அளவு) கணக்கில் நஞ்சை, மாட்டுத் தொழுவம், பொதுவில் விட்ட கிணறு, விதவைத் தாயாருக்கு ஆண்டுக்கு இத்தனை கலம் நெல் என்ற ஜீவனாம்சம் வரை அதில் இருக்கும். குடும்ப வரலாறுகளில் பெயரே இல்லாமல் மறைந்துபோன பெண்கள் இந்த ஜீவனாம்ச வரியில்தான் நமக்குக் கிடைக்கிறார்கள். தயவுசெய்து அவர்கள் பெயரையும் எழுதி வையுங்கள்.

1930களில் அடமானம், போக்கியம் (கடனுக்கு ஈடாக நிலத்தை அனுபவிக்க விடுவது) என்று அடுத்தடுத்துப் பத்திரங்கள் வந்தால் திகைக்க வேண்டாம். நெல் விலை சரிந்த காலம் அது. தீர்வை அதற்கேற்பக் குறையாததால், கடன் வாங்காத மிராசுதார் அரிது. அவர் கையெழுத்திட்ட கடைசிப் பத்திரத்துக்கும், மகன்கள் தனியாகக் கையெழுத்திட்ட முதல் பத்திரத்துக்கும் இடையில் அவர் இறந்த தேதி இருக்கக்கூடும்.

உயிலை இப்போது தேடலாம். பதிவான உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் நகல் தர வேண்டும் என்பது பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. இறப்புக்கு ஆதாரம் கேட்பார்கள். கிராம இறப்புப் பதிவின் நகலை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போங்கள்.