விர்ச்சுவல் மெஷினை இயக்கும்போது ரிஜிஸ்டர்களை ஏன் சேமித்து, மீட்க வேண்டும்?

ரிஜிஸ்டர் என்பது பிராசஸருக்கு உள்ளேயே இருக்கும் மிகச் சிறிய நினைவிடம். கணக்கில் இருக்கும் எண், அடுத்த கட்டளையின் முகவரி எல்லாம் அங்கேதான் இருக்கும். 64 பிட் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) பிராசஸரில் பொதுப் பயன்பாட்டு ரிஜிஸ்டர்கள் வெறும் 16. விர்ச்சுவல் மெஷினும் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி) அதை நடத்தும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளும் அதே 16-ஐத்தான் மாறி மாறிப் பயன்படுத்துகின்றன.

ஒரே கரும்பலகையை இரண்டு ஆசிரியர்கள் பயன்படுத்துவது போலத்தான். அடுத்தவர் அழித்து எழுதும் முன், பாதியில் நிற்கும் கணக்கை நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

குறிக்காவிட்டால்? விர்ச்சுவல் மெஷின் ஒரு ரிஜிஸ்டரில் 7-ஐ வைத்திருக்கிறது, அடுத்து 5-ஐக் கூட்டப் போகிறது. அந்த நேரம் பார்த்து டைமர் இன்டரப்ட் (குறித்த நேரத்தில் பிராசஸரை இடைமறிக்கும் சமிக்ஞை) வந்து, கட்டுப்பாடு ஹைப்பர்வைசரிடம் போகிறது. அது அதே ரிஜிஸ்டரில் 900 என்று எழுதிவிட்டால், 12 வரவேண்டிய இடத்தில் 905 வரும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் பயமே.

சரி, யார் சேமிப்பது? இன்டெல் பிராசஸர் அடுத்த கட்டளையின் முகவரியையும் ஸ்டாக் பாயின்டரையும் (நிரலின் தற்காலிக அடுக்கின் உச்சியைக் காட்டும் ரிஜிஸ்டர்) தானே பத்திரப்படுத்திவிடும். முகவரி ரிஜிஸ்டர் அந்த 16-இல் சேராது, ஸ்டாக் பாயின்டர் சேரும். மீதி 15 பொது ரிஜிஸ்டர்களை ஹைப்பர்வைசரின் நிரல்தான் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். அப்புறம், மெஷினைத் திரும்ப ஓட்டும் முன் அவற்றை அப்படியே நிரப்ப வேண்டும்.

இதை ஸ்னாப்ஷாட் (மெஷினின் முழு நிலையையும் நகலெடுத்து வைப்பது) என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, மெஷினின் ரேம் இருந்த இடத்திலேயே இருக்கும், நகலாவது ரிஜிஸ்டர்கள் மட்டும்தான்.