வரைபடத்தில் பூங்கா என்று வண்ணம் தீட்டிவிட்டால் பூங்கா வந்துவிடுமா?

நகரை ஒட்டியுள்ள விவசாய நிலத்தைக் குடியிருப்பாகவும், அதில் ஒரு பகுதியைப் பூங்காவாகவும் மாற்றும் வகையில் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தைத் திருத்தப் போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது, இதை ஆதரிப்பதா, ஆட்சேபிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு செல்லும் பாலக்காட்டுச் சாலையில், மதுக்கரையைத் தாண்டி வசிப்பவன் என்ற முறையில் என் பதிலைச் சொல்கிறேன். ஆதரிக்கலாம். ஆனால் குடியிருப்பு என்ற பகுதியை ஏற்றுக்கொள்வதும் பூங்கா என்ற பகுதியை நம்புவதும் இரு வேறு காரியங்கள் என்பதை மறக்காமல் ஆதரிக்க வேண்டும்.

ஒரு புல எண் (சர்வே எண்) விவசாயத்திலிருந்து குடியிருப்புக்கு மாறிய அன்றே அதன் சென்ட் விலை ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகு அங்கே வீடு வருவதற்கு யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. பூங்காவுக்கு அப்படிப்பட்ட இழுவிசை கிடையாது. அதை வாங்க ஆளில்லை, விற்க ஆளில்லை, பத்திரம் போட்டுக்கொள்ள அவசரப்படுபவரும் இல்லை. வரைபடத்தில் பச்சை நிறமாகக் கிடப்பதுதான் பெரும்பாலும் அதன் முழு வரலாறும்.

என் தந்தையார் 1980களில் ஊராட்சி அனுமதி பெற்ற ஒரு மனைப்பிரிவில் (லேஅவுட்) ஐந்தே முக்கால் சென்ட் வாங்கினார். விற்றவர் கொடுத்த நீல அச்சு வரைபடத்தில் கிழக்கு ஓரமாக, பள்ளத்தை ஒட்டி (எங்கள் பக்கம் பள்ளம் என்றால் மழைநீர் ஓடும் ஓடை), ஒரு பெரிய கட்டத்தில் 'பூங்கா' என்று எழுதியிருந்தது. நாங்கள் எல்லோரும் அதை 'ரிசர்வ் சைட்' என்றுதான் சொல்வோம்; மாலை நேரத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதும் கோடையில் ஆடு மேய்வதும் அங்கேதான். இருபது ஆண்டுகள் கழித்து ஒரு நாள் அங்கே அஸ்திவாரம் தோண்டினார்கள். பதறிப்போய் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தபோது, அந்த இடம் நான்கு மனைகளாகப் பிரிக்கப்பட்டு முறைப்படி கிரயம் ஆகியிருந்தது. பூங்கா இடத்தை ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த பத்திரம் எதுவும் பதிவாகவே இல்லை. ஆகவே கணக்கின்படி அது கடைசிவரை மனைப்பிரிவு போட்டவரின் சொந்த நிலமாகவே இருந்திருக்கிறது. வாங்கியவர்களும் எங்களைப் போலச் சேமிப்பைக் கொட்டியவர்கள்தாம் என்பதால், அவர்களிடம் சண்டைக்குப் போகவும் மனம் வரவில்லை. மீதமிருந்த பதினொரு சென்ட்டை மட்டும், அலுவலகம் அலுவலகமாக நடந்து, பின்னாளில் தானப்பத்திரமாகப் பதிய வைத்தோம். இன்று அதில் இரண்டு வேம்பும் ஒரு ஆழ்துளைக் கிணறும் இருக்கின்றன.

இதைச் சொல்வதற்குக் காரணம், சட்டமும் ஏறத்தாழ இதே வழியில்தான் நடக்கிறது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ்தான் முழுமைத் திட்டங்களும் (மாஸ்டர் பிளான் என்கிறோமே, அவை) அவற்றின் திருத்தங்களும் வருகின்றன. அந்தச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, திட்டத்தில் பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட தனியார் நிலம், அறிவிப்பு வெளியான 3 ஆண்டுகளுக்குள் கையகப்படுத்தப்படாமலோ உடன்பாட்டின் பேரில் வாங்கப்படாமலோ இருந்தால், ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டதாகவே கருதப்படும் என்கிறது. நில உரிமையாளரின் பக்கமிருந்து பார்த்தால் இது நியாயமானதே. பணமும் கொடுக்காமல் விற்கவும் விடாமல் ஒருவருடைய நிலத்தை ஆயுள் முழுக்கக் கட்டிப்போட முடியாது. ஆனால் உள்ளாட்சி அமைப்பிடம் நிலம் வாங்கப் பணம் இல்லையென்றால், நீங்கள் இன்று மகிழ்ச்சியோடு பார்க்கும் அந்தப் பச்சைக் கட்டம் மூன்றே ஆண்டுகளில் வெறும் வண்ணமாகிவிடும்.

நடைமுறையில் பூங்கா கிடைக்கும் இன்னொரு வழி மனைப்பிரிவு அனுமதி. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டிட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், அதாவது சுமார் 2 ஏக்கர் 47 சென்ட்டுக்கு மேல், மனைப்பிரிவு போடுபவர் சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ள நிலத்துக்கு, இடத்துக்குப் பதிலாகப் பணமாகவும் செலுத்திவிடலாம். 3,000 சதுர மீட்டருக்குக் கீழே ஒதுக்கீடே இல்லை. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 ஏக்கர் நிலத்தில் சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போனால், மீதி மூன்றரை ஏக்கரில் 35 சென்ட் பூங்காவாகக் கிடைக்கும். அதே 5 ஏக்கரைக் குடும்பத்தாரின் பெயர்களில் எழுபது சென்ட் துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியே அனுமதி வாங்கினால் ஒரு சென்ட்டும் கிடைக்காது. ஆகவே உங்கள் ஊர் அறிவிப்பில் கண்டுள்ள புல எண்களை எடுத்து, அவற்றின் உட்பிரிவுகள் கடந்த ஓரிரு ஆண்டுகளில் பெருகியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நம்பத்தகுந்த அறிகுறி வேறில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், நிலைமை வேறு. என் அக்காவைக் கொடுத்திருப்பது பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறையில்; அங்கும் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். ஆனால் வருவாய்ப் பதிவேட்டுக்குள் போனால் சொற்கள் மாறிவிடுகின்றன: 'நிலம்' என்று எழுதியிருந்தால் அது நெல்வயல், 'புரயிடம்' என்றிருந்தால்தான் வீடு கட்டும் இடம். நாம் எல்லாவற்றையும் நிலம் என்றே சொல்லிப் பழகியவர்கள் என்பதால், மாமாவிடம் இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் அங்கே வயலை மாற்றுவதைத் தடை செய்கிறது. வீடு கட்ட வேறு தகுந்த இடமில்லாத வயல் உரிமையாளருக்கு, அதுவும் உரிய குழுவின் அனுமதியோடு, ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் வரை மட்டுமே விலக்கு உண்டு. 2018இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, வயல் என்று அறிவிக்கப்படாத நிலங்களைக் கட்டணம் செலுத்தி மாற்றிக்கொள்ள வழி பிறந்தது. அதன் விளைவைப் பற்றி அக்காவுக்கும் மாமாவுக்குமே ஒத்த கருத்து கிடையாது.

அந்தக் கண்டிப்பை அப்படியே நம் பக்கம் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கோவையின் முழுமைத் திட்டம் 1994இல் ஒப்புதல் பெற்றது. 2041ஐ இலக்காகக் கொண்ட அடுத்த வரைவு மக்கள் பார்வைக்கு வந்தது 2024இல்தான். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் மக்கள் வீடு கட்டாமல் காத்திருக்கவில்லை. அங்கீகாரமில்லாத மனைகளை வாங்கிக் கட்டினார்கள், சாக்கடையும் சாலையும் இல்லாமல் குடியிருந்தார்கள். திட்டத்தைத் திருத்தாமல் இருப்பது வயலைக் காப்பாற்றுவதில்லை, ஒழுங்கற்ற வீடுகளைத்தான் பெருக்குகிறது என்பது நான் கண்கூடாகக் கண்டது. அதனால்தான் ஆதரிக்கலாம் என்றேன்.

இனி, அறிவிப்பில் குறித்துள்ள காலக்கெடுவுக்குள் கருத்தை எழுத்தில் கொடுங்கள். முழுமைத் திட்டத்தைப் பொறுத்தவரை சட்டம் 2 மாதத்துக்குக் குறையாத அவகாசம் தருகிறது. 'பூங்கா வேண்டும்' என்று பொதுவாக எழுதுவதால் பயனில்லை. கிராமத்தின் பெயர், புல எண், உட்பிரிவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அந்த இடம் கையகப்படுத்தப்படுமா அல்லது தானமாகப் பெறப்படுமா, கையகப்படுத்துவதானால் எந்த நிதியிலிருந்து, தானமானால் எந்த மனைப்பிரிவின் அனுமதியோடு என்று கேளுங்கள். பூங்கா இடம் பள்ளத்தின் கரையிலோ உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழேயோ வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். வீடு கட்ட முடியாத மூலையைப் பொதுமக்களுக்கு ஒதுக்கிவிடும் தாராளம் எல்லா ஊரிலும் உண்டு. மனுவின் இரண்டு பிரதிகளை எடுத்துச் சென்று, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் தேதியுடன் முத்திரை வாங்கி வையுங்கள். எங்கள் பதினொரு சென்ட்டுக்காக நடந்தபோது, முந்தைய மனு எங்கே என்றுதான் ஒவ்வொரு மேசையிலும் முதலில் கேட்டார்கள்.