கேளுங்கள், சொல்கிறேன்: திமிரா, மறதியா?

கேள்வி: மேடம், என் தம்பி மகனுக்கு 11 வயது. மூன்று வயதிலிருந்து என்னிடம்தான் வளர்கிறான். அவன் அம்மா கர்ப்பமாக இருந்தபோதும் குடித்தார், இப்போது உயிரோடு இல்லை. பையன் ஓயாமல் அழகாகப் பேசுவான், ஆனால் நேற்று ஒப்பித்த ஏழாம் வாய்ப்பாடு இன்று சுத்தமாகத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பொருளை எடுத்து வருகிறான், கேட்டால் வாய்கூசாமல் பொய். கொழுப்பு என்கிறார் டீச்சர். எஃப்.ஏ.எஸ்.டி.யாக, அதாவது கர்ப்பத்தில் தாய் குடித்ததால் குழந்தைக்கு வரும் பாதிப்பாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லையே? கண்டித்து வளர்த்தால் சரியாகுமா?
- பெயர் வேண்டாம், அல்சூர், பெங்களூரு

பதில்: கண்டிப்பால் சரியாகாதம்மா. தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகும், அதில் மூளைக்கு நேர்ந்த பாதிப்பு நிரந்தரம். 1973இல் அமெரிக்காவின் சியாட்டிலில் டாக்டர்கள் இதன் கடுமையான வகைக்குப் பெயர் வைத்தபோது முகத்தையும் ஒரு முக்கிய அடையாளமாகச் சொன்னார்கள், இன்று மெல்லிய மேலுதடு, மூக்குக்கு அடியில் பள்ளமே இல்லாத வழவழப்பு, சிறிய கண்கள் மூன்றையும் பார்க்கிறார்கள். ஆனால் முகம் உருவாவது ஆரம்ப வாரங்களில்தான், மூளையோ கர்ப்பம் முழுக்க வளர்கிறது, அதனால் பாதிப்புள்ள பெரும்பாலானவர்களுக்கு முகத்தில் எதுவும் தெரியாது.

இந்தப் பிள்ளைகளில் பலர் வாயால் பேசுகிற அளவுக்குக் காதால் வாங்கிப் புரிந்துகொள்வதில்லை, அதுதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. "பையை வை, கை கழுவு, அப்புறம் கடைக்குப் போய் பால் வாங்கி வா" என்று ஒரே மூச்சில் சொன்னால் கடைசிச் சொல்தான் நிற்கும். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், தினமும் அதே வரிசையில். "சீக்கிரம் வந்துடு" என்பதும் அவனுக்குப் புரியாது, காலம், பணம் இரண்டுமே கையில் பிடிக்க முடியாத விஷயங்கள். பெரிய முள் ஆறில் வந்தால் வீட்டில் இருக்கணும் என்று கடிகாரத்தைக் காட்டிச் சொல்லலாம். வாய்ப்பாடு ஒரு நாள் வரும், மறுநாள் வராது, வராத அன்றைக்கு அடித்தாலும் வராது.

பொய் என்கிறீர்களே, நினைவில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லி நிரப்புகிறான், அதில் பாதி அவனே நம்புவது. மிரட்டிக் கேட்டால் செய்யாததையும் "ஆமா, நான்தான்" என்பான். அதனால் "ஏன் எடுத்தே?" என்று விசாரணை வைக்காமல், பொருளைத் திருப்பிக் கொடுக்க அவனோடு நீங்களும் போங்கள். நம் வீட்டில் கற்ற விதி அடுத்த வீட்டுக்கும் பொருந்தும் என்று அவனுக்குத் தானாகத் தோன்றாது. அங்கேயும் தனியாகச் சொல்ல வேண்டும், கூடவே ஒரு கண்ணும் வைக்க வேண்டும். 11 வயதுப் பையனை ஏழு வயதுப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வதா என்று உறவுக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

உங்கள் ஊர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய்ப் பதிவு செய்யுங்கள். அம்மா குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள், அது தெரியாமல் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். காது, கண், இதயம் மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். கவனச்சிதறலுக்கு மாத்திரை உதவலாம், மூளைப் பாதிப்பை மாற்றும் மாத்திரை கிடையாது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் எஃப்.ஏ.எஸ்.டி. பெயர் இல்லை. ஆனால் அறிவுசார் குறைபாடோ கற்றல் குறைபாடோ உறுதியானால் அந்தப் பெயரில் சான்றிதழ் வாங்கலாம், தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், புத்தகத்தில் ஆங்கிலம் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இருக்கிற சுமை இவனுக்கு இரட்டிப்பு. பத்தாவது வரும்போது திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ்.ஸை யோசியுங்கள், அங்கே ஒரு மொழி போதும், பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதலாம். டீச்சரோடு சண்டை வேண்டாம், அத்தனை பிள்ளைகளுக்கு நடுவே அவர் என்ன செய்வார், டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டி முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, "குடிகாரி பெத்த பிள்ளை" என்று யாரும் அவன் காதுபடச் சொல்ல விடாதீர்கள்.

கேள்வி: கர்ப்பம் என்று தெரியாமல் ஆபீஸ் பார்ட்டியில் இரண்டு முறை ஒயின் குடித்துவிட்டேன். இப்போது ஏழாவது வாரம். ஸ்கேனில் தெரியுமா? கலைத்துவிடலாமா என்றுகூட நினைக்கிறேன்.
- ஒயிட்ஃபீல்டு வாசகி

பதில்: எஃப்.ஏ.எஸ்.டி. இருக்கிறதா இல்லையா என்று ஸ்கேன் சொல்லாது. குடித்த ஒவ்வொருவரின் குழந்தைக்கும் பாதிப்பு வருவதுமில்லை, இந்தப் பயத்துக்காக மட்டும் கலைக்க வேண்டியதில்லை. இன்றோடு நிறுத்துங்கள், அதுதான் இப்போது உங்கள் கையில் இருப்பது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, ஒயினும் பீரும் விஸ்கியும் இதில் ஒன்றுதான். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படாதீர்கள். அவர் முகம் சுளித்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: கர்ப்பச் சூட்டுக்குக் கள் நல்லது, ஒரு டம்ளர் குடி என்கிறார் என் மாமியார்.
- ஸ்ரீராமபுரம்

பதில்: கள்ளிலும் ஆல்கஹால்தான் இருக்கிறது. மோர் குடியுங்கள். மாமியாரிடம் டாக்டர் வேண்டாமென்றார் என்று சொல்லிவிடுங்கள், பழியை அவர் தாங்கிக்கொள்வார்.