மேல்மாடி வீடும் இரவு வெக்கையும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடலோர நகரம் ஒன்றில், நெருக்கமான தெருவில், 5 மாடிக் குடியிருப்பின் கடைசி மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பகலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரவு 11 மணிக்கு வெளியே காற்று தணிந்த பிறகும் வீட்டுக்குள் அனல் அடங்குவதில்லை. ஃபேன் போட்டால் சூட்டைத்தான் இறைக்கிறது. ஏர்கூலர் வாங்கினோம். உடம்பெல்லாம் பிசுபிசுப்பு, தலையணைகூட ஈரம். ஜன்னலைத் திறந்தால் கொசு, வண்டிச் சத்தம். மொட்டைமாடிக்கு வெள்ளை அடிக்கலாமா என்று கேட்டதற்கு, “மேல்மாடிக்காரருக்காக எல்லாரும் ஏன் செலவு செய்யணும்?” என்கிறது குடியிருப்போர் சங்கம். வயதான அம்மா உடன் இருக்கிறார். ஏசி வாங்குவதைத் தவிர வேறு வழியே இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வழி இருக்கிறது. ஏசியைக் கடைசியில் யோசிக்கலாம். இரவில் உங்களை வாட்டும் சூடு பெரும்பாலும் தலைக்கு மேலிருக்கும் கான்கிரீட்டிலிருந்து வருகிறது. அதைக் கவனிக்காமல் எந்தச் சாதனம் வாங்கினாலும் பாதிப் பணம் வீண்.

10க்கு 10 அடி அறையின் மேல் 5 அங்குலத் தளம் இருந்தால், அந்தக் கான்கிரீட் மட்டுமே சுமார் 2,800 கிலோ. அது 10 டிகிரி சூடேறினால் அதில் சேரும் வெப்பம், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை 7 மணி நேரம் விடாமல் எரிய விட்டதற்குச் சமம். வெப்பமண்டலத்தில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் வருவதால், சுவர்களைவிட மாடித்தளம்தான் அதிக வெயிலை வாங்குகிறது. மேல்முகத்தில் ஏறிய சூடு கீழ்முகத்துக்கு வந்து சேர, தளத்தின் கனத்தைப் பொறுத்து 3 முதல் 6 மணி நேரம் ஆகும். பிற்பகல் 2 மணி வெயில் இரவு 7, 8 மணிக்குத்தான் உங்கள் கூரையின் அடிப்பக்கம் வருகிறது. அது வடிந்து முடிய நள்ளிரவு தாண்டிவிடும்.

முதலில் இதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இரவு 9 மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, உறுதியான ஸ்டூலில் ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வையுங்கள். பிறகு அறையின் ஒவ்வொரு சுவரிலும் வையுங்கள். கூரை மட்டும் சுட்டால் தளம்தான் காரணம். மேற்குச் சுவரும் சுட்டால் அதற்கு வெளிப்புறத்தில் நிழல் வேண்டும். ஜன்னலுக்கும் அப்படியே. உள்ளே தொங்கும் திரை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத்தான் தடுக்கிறது. அதற்குள் சூடு அறைக்குள் வந்தாயிற்று. வெளியே கட்டும் தட்டியோ நிழல்வலையோ அதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

மாடிக்கு வெள்ளை அடிப்பது சரியான யோசனை. உச்சி வெயிலில் சாம்பல்நிறத் தளத்தைவிட நல்ல வெள்ளைத் தளத்தின் மேல்முகம் 10 முதல் 20 டிகிரி வரை குறைவாக இருக்கும். இரண்டு வகையில் செய்யலாம். சுண்ணாம்பு மலிவு, ஆனால் ஒரு மழைக்காலத்தில் கரைந்துபோகும். கூல் ரூஃப் பெயின்ட் சில ஆண்டுகள் தாங்கும், செலவு கூடும். எதுவானாலும் தளத்தைத் தயார் செய்வதில்தான் வேலை கெடுகிறது. பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, கழுவி, விரிசல்களை வி வடிவில் வெட்டி அடைத்து, மழைநீர்க் குழாய் வாய்களைச் சுத்தம் செய்த பிறகுதான் பிரஷ்ஷைத் தொட வேண்டும். பெயின்ட் என்றால் தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் உப்பிக்கொண்டு உரியும். சுண்ணாம்புக்கு நேர்மாறு: தளத்தை நனைத்துவிட்டு அடித்தால்தான் பிடிக்கும். நீற்றாத சுண்ணாம்பானால் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் அவசியம். இரவு முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, பசை சேர்த்து இரண்டு கோட். முதல் கோட் நீளவாக்கில் என்றால் இரண்டாவது குறுக்குவாக்கில். காலையிலோ மாலையிலோ அடியுங்கள். கொதிக்கும் தளத்தில் அடித்தால் பிரஷ் நகரும் முன்பே காய்ந்து பொடியாகும். நகரத்தில் புகையும் தூசியும் சில மாதத்திலேயே வெள்ளையை மங்கவைத்துவிடும், அதனால் வெயில் காலத்துக்கு முன் ஒருமுறை கழுவிவிடுவதும் இந்த வேலையில் சேர்ந்ததே. ஈரத்தில் வழுக்கும் என்பதால் துணி காயப்போட வருபவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

சங்கத்தின் கேள்வி நியாயமானது, அதற்கு நியாயமான பதிலும் உண்டு. தளம் சூட்டில் நீண்டு, குளிரில் சுருங்குகிறது. 50 அடி நீளத் தளம் 20 டிகிரி ஏறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். தினமும் இப்படி நீண்டு சுருங்கும் இழுபறியில்தான் கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில் விரிசல் விடுகிறது. மழைத்தண்ணீர் அங்கேதான் இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, கடைசியில் எல்லாரும் சேர்ந்து செலவு செய்ய வேண்டிய ரிப்பேராகிறது. வெள்ளை அடித்தால் அந்த ஏற்ற இறக்கம் குறையும். ‘எங்கள் வீடு சுடுகிறது’ என்று போனால் அது உங்கள் வீட்டுப் பிரச்சினை. ‘நீர்க்கசிவைத் தள்ளிப்போடலாம்’ என்று போனால் கட்டடத்தின் பிரச்சினை. எழுத்தில் கொடுங்கள். வீட்டு உரிமையாளரையும் கையெழுத்திடச் சொல்லுங்கள், சங்கத்தில் வாடகைக்காரர் குரலைவிட அவர் குரல் எடுபடும். நிழலுக்காக மண் கொட்டித் தோட்டம் போடலாம் என்று யாராவது சொன்னால் பொறியாளரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். 4 அங்குல ஈரமண்ணே சதுர மீட்டருக்கு 180 கிலோ வரும்.

அனுமதி கிடைக்கும்வரை மாலையில் மாடியில் தண்ணீர் தெளிக்கலாம். ஆனால் குடம் குடமாக ஊற்றுவது வீண், பெரும்பகுதி குழாய் வழியே ஓடிவிடும். குளிர்விப்பது ஆவியாகும் தண்ணீர் மட்டுமே. ஒரு லிட்டர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மேலே சொன்ன 2,800 கிலோ கான்கிரீட் 10 டிகிரி இறங்க, கணக்குப்படி 10 லிட்டர் போதும். அதாவது அந்த அறைக்கு மேல் 1 மில்லிமீட்டர் ஈரம். ஆவியாதலுக்கான வெப்பத்தில் ஒரு பங்கு காற்றிலிருந்தும் போகும் என்பதால் இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். வெயில் சாய்ந்ததும் பழைய சாக்குகளை விரித்து அவற்றின் மேல் தெளித்தால் தண்ணீர் ஓடாமல் நிற்கும். துணி அலசிய தண்ணீரே போதும். விரிசல் உள்ள தளத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

கூலர் ஏன் ஏமாற்றியது என்றால், தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கருவி எதுவும் காற்றின் ஈரப்பதத்தைத் தாண்டி வேலை செய்யாது. காற்று 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் கொள்கையளவில் 23 வரைகூட இறக்கலாம். உங்கள் ஊர்போல 32 டிகிரி, 75 சதவீதம் என்றால் 28க்குக் கீழே எந்தக் கூலராலும் போக முடியாது, அதுவும் ஈரத்தில் ஊறிய காற்றாகத்தான் வரும். வியர்வை காயாது. ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட்டினால் அதே ஈரம் சுற்றிச் சுற்றி ஏறும். விற்றுவிடுங்கள்.

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஃபுல்லில் வைத்தும் இறக்கைகளைக் கண்ணால் எண்ண முடிந்தால் கண்டென்சர் தளர்ந்திருக்கும். சாதாரண 48 அங்குல ஃபேனுக்குப் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். பழையதில் எழுதியிருக்கும் அதே அளவை எலக்ட்ரீஷியனை விட்டு மாற்றுங்கள். தானே மாற்றுபவர் மெயினை அணைக்க வேண்டும், சுவிட்சை மட்டும் நம்பக்கூடாது. இறக்கைக்கும் கூரைக்கும் இடையே ஒரு அடியாவது இடைவெளி வேண்டும். ராடு குட்டையாக இருந்தால் கூரையை ஒட்டிய கொதிகாற்றைத்தான் இழுத்துக் கீழே தள்ளும். அறை உயரமானால் ராடை நீளமாக்கலாம், தரையிலிருந்து இறக்கை 7.5 அடிக்குக் கீழே வராமல்.

அந்தக் கொதிகாற்று வெளியே போக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். உங்களுக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது இதைத்தான். 10க்கு 10க்கு 10 அடி அறையில் 28 கன மீட்டர் காற்று இருக்கிறது. மணிக்கு 20 முறை மாற வேண்டுமானால் 560 கன மீட்டர் தள்ளும் ஃபேன் தேவை, பெட்டியில் எழுதியிருக்கும். தெருப்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, சத்தம் குறைந்த பக்கத்து ஜன்னலை மட்டும் வலையோடு திறந்து, ஃபேனை எதிர்ப்பக்கம் உயரத்தில் வையுங்கள். காற்று ஒரே வழியாக வந்து ஒரே வழியாகப் போகும். வெளிக்காற்று அறைக்குள் உள்ளதைவிடக் குளிர்ந்த பிறகுதான் போட வேண்டும். பிற்பகலில் போட்டால் வெளிச்சூட்டை உள்ளே இழுக்கும். வலைக்குச் சதுர அங்குலத்துக்கு 156 கண் போதும். அதைவிட நெருக்கமானது காற்றை அடைக்கும், தூசி படிந்த வலை இன்னும் மோசம். மாதம் ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள்.

அம்மாவைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வயதானவர்களுக்கு வியர்வையும் தாக உணர்வும் குறையும், ஆகவே கேட்கும்வரை காத்திராமல் தண்ணீர் கொடுங்கள். இதயம், சிறுநீரகம், இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவரானால் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். கை, கழுத்து, முகத்தை ஈரத்துணியால் துடைத்து ஃபேன் காற்றில் உட்காரவைப்பது உடனடியாக உதவும். அறை 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் உடலைச் சூடாக்கத் தொடங்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்போது கீழ்த்தளத்தில் யார் வீட்டுக்காவது அழைத்துப் போய்விடுங்கள். பேச்சு குழறினாலோ, இடம் தெரியாமல் தடுமாறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மாடித்தொட்டித் தண்ணீர் இரவிலும் சூடாகவே வரும் என்பதால் குளிக்க விடியற்காலையிலேயே ஒரு வாளி பிடித்து மூடி வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அம்மாவின் அறைக்கு ஏசி தேவைப்பட்டால் தயங்காமல் போடுங்கள். வெள்ளை அடித்த தளத்தின் கீழ் 1 டன் போதும். அடிக்காத தளத்தில், தேங்கிய வெப்பத்தை எடுக்கவே அதற்கு 2 மணி நேரம் போய்விடும். தேவைக்கு மீறிப் பெரியதாக வாங்கினால் சீக்கிரம் குளிர்ந்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்காது. 26இல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுழலவிடுங்கள். பழைய கட்டடத்தில் ஃபேனுக்கும் விளக்குக்கும் போட்ட கம்பியில் மாட்டாமல், மீட்டர் பெட்டியிலிருந்து தனிக் கம்பி இழுத்துக்கொள்ளுங்கள். வெளி யூனிட்டை, காற்றுக்காகக் கட்டடத்தில் விட்டிருக்கும் குறுகிய இடைவெளியான ஷாஃப்ட்டுக்குள் வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த அனல் ஷாஃப்ட்டிலேயே தேங்கும், யூனிட்டும் திணறும், ஜன்னலை அந்தப் பக்கம் திறந்து வைத்துத் தூங்குபவர்கள் கீழே நான்கு மாடியிலும் இருக்கிறார்கள்.