பீப் சத்தம் எதைச் சொல்கிறது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கம்ப்யூட்டரை ஆன் செய்தால் நீளமாக ஒரு பீப், அதன் பின் குட்டையாக இரண்டு. திரையில் ஒன்றுமே வருவதில்லை. 'கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிது போட வேண்டும்' என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பொறுங்கள். உங்கள் மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் செருகப்படும் முதன்மைப் பலகை) எந்த நிறுவனத்துடையது என்று தெரியாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

ஆன் செய்த சில விநாடிகளுக்குள் மதர்போர்டிலுள்ள பயாஸ் என்ற சிறு நிரல் பிராசஸர், ரேம் (தற்காலிக நினைவகம்), கிராபிக்ஸ் என்று ஒவ்வொன்றையும் சோதிக்கிறது. கிராபிக்ஸ் தயாராவதற்கு முன்பே கோளாறு தெரிந்தால் அதைத் திரையில் எழுதிக் காட்ட வழியில்லை. அதனால்தான் சத்தம். 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யிலேயே இந்த ஏற்பாடு உண்டு. அதில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டில், அதாவது கிராபிக்ஸ் கார்டில், கோளாறு. பிறகு வந்த, அவார்டு என்ற நிறுவனத்தின் பயாஸிலும் அதே பொருள்தான். உங்கள் கடைக்காரர் மனதில் இருப்பது அந்தப் பட்டியலாக இருக்கலாம்.

ஆனால் அசுஸ் போர்டுகளில் அதே ஒரு நீளம், இரண்டு குட்டை வந்தால் 'ரேமைக் காணவில்லை' என்று பொருள். கிராபிக்ஸ் இல்லை என்பதற்கு அங்கே ஒரு நீளம், மூன்று குட்டை. பழைய ஏ.எம்.ஐ. பயாஸில் மூன்று குட்டை என்றால் ரேம், எட்டுக் குட்டை என்றால் டிஸ்ப்ளே நினைவகம். ஃபீனிக்ஸ் பயாஸோ சத்தத்தைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, 1-3-1-1 என்று எண்ணவைக்கும். ஆக, எண்ணிக்கை மட்டும் போதாது. யாருடைய பயாஸ் என்று தெரிந்தால்தான் அந்த எண்ணிக்கைக்குப் பொருள் கிடைக்கும். இது தெரியாமல் நல்ல பாகங்கள் எத்தனையோ குப்பைக்குப் போகின்றன.

முதலில் சத்தத்தை மொபைலில் பதிவு செய்யுங்கள். இரண்டு மூன்று சுற்று ஓடட்டும். நேரடியாகக் கேட்கும்போது எண்ணிக்கை தவறுவது சகஜம். பிறகு கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால் போர்டின் மேலேயே நிறுவனத்தின் பெயரும் மாடல் எண்ணும் பெரிதாக அச்சாகியிருக்கும். அந்த மாடலுக்கான கையேட்டை நிறுவனத்தின் தளத்தில் இறக்கி, அதிலுள்ள பீப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

கார்டுதான் என்று தெரிந்தாலும் உடனே மாற்ற வேண்டாம். கார்டின் விளிம்பில் 6 பின் அல்லது 8 பின் மின் இணைப்பு இருந்தால் அதில் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஒயர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டைச் செருகும் ஸ்லாட் வழியாகக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டு அந்த ஒயர் இல்லாமல் எழுந்திருக்காது. கார்டைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகிப் பாருங்கள். பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இருந்தால், கார்டை எடுத்துவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் மாட்டி ஆன் செய்யுங்கள். திரை வந்தால் கோளாறு கார்டு பக்கம்தான்.

கேள்வி: மழைக்காலம் வந்தாலே எங்கள் கம்ப்யூட்டர் விட்டு விட்டு நீளமாகக் கத்துகிறது. ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தால் சரியாகிவிடுகிறது. சில வாரத்தில் மறுபடியும் அதே கதை. இப்படித் தேய்ப்பது சரியா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: விட்டு விட்டு வரும் நீள பீப் பெரும்பாலும் ரேமைத்தான் குறிக்கும். கடலோர ஊர்களில் இது அதிகம். ரேமின் அடியில் உள்ள தங்க முலாம் துருப்பிடிக்காது. ஆனால் உப்புக்காற்றின் ஈரம், தூசி, விரல் எண்ணெய் மூன்றும் சேர்ந்து அதன்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. தொடுமிடத்தில் மின்சாரம் தடைபட்டால், ரேம் இருந்தும் இல்லாததாகிவிடுகிறது.

ரப்பர் வேலை செய்யும். ஆனால் முலாம் மிக மெலிசு. ஒவ்வொரு மழைக்கும் தேய்த்தால் அது போய்விடும், பிறகு அந்த ரேமை எதுவும் காப்பாற்றாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம், எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். அதுதான் நல்ல வழி.

பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடியும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டு, ரேமின் இரு முனைக் கொக்கிகளையும் விலக்கி மேலே எடுங்கள். சில போர்டுகளில் ஒரு பக்கம்தான் கொக்கி இருக்கும். பிடிப்பது ஓரங்களில் மட்டும். பஞ்சு உதிராத துணியில் இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டு, முலாம் பட்டைகளை மேலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து ஐந்து நிமிடம் உலரவிடுங்கள். ஆல்கஹால் கிடைக்காத அவசரத்துக்கு மென்மையான வெள்ளை ரப்பரால் மூன்று நான்கு இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். உப்புத்தாள், பிளேடு, பெட்ரோல் கூடவே கூடாது. கை கழுவும் சானிடைசரும் வேண்டாம். அதிலுள்ள கிளிசரின் பிசுக்காகத் தங்கிவிடும்.

அழுக்கு ரேமில் மட்டுமில்லை, ஸ்லாட்டிலும் இருக்கிறது. அதைத் தொடாததால்தான் உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்று தோன்றுகிறது. உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டி எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். திரும்பச் செருகும்போது இரு முனைகளும் 'டக்' என்று அமரும்வரை அழுத்த வேண்டும். ஒரு முனை மட்டும் அரை மில்லிமீட்டர் மேலே நின்றாலும் பீப் நிற்காது.

இதற்குப் பிறகும் கத்தினால் ஒரே ஒரு ரேமை மட்டும் போட்டுப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசஸர் பக்கமிருந்து இரண்டாவது ஸ்லாட்தான் ஒற்றை ரேமுக்குரியது. ஒரு ரேம் எல்லா ஸ்லாட்டிலும் கத்தினால் அந்த ரேம் பழுது. எல்லா ரேமும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் கத்தினால் ஸ்லாட் பழுது. எல்லாம் எல்லாவற்றிலும் கத்தினால் பார்வையைப் பிராசஸர் பக்கம் திருப்ப வேண்டும். ரேமை ஆளும் சுற்று ஏ.எம்.டி.யில் 2003 முதலும், இன்டெல்லில் 2008இன் கோர் ஐ7 முதலும் பிராசஸருக்குள்ளேயே குடிபோய்விட்டது. பிராசஸர் அமரும் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும், அதன் மேலுள்ள கூலரின் திருகுகள் ஒரு பக்கம் மட்டும் இறுகியிருந்தாலும் ரேம் கோளாறு போலவே காட்டும்.

கேள்வி: மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. பீப்பும் இல்லை, டிஸ்ப்ளேவும் இல்லை. எங்கே தொடங்குவது?
– வாசகர், ஓசூர்

பதில்: பீப் ஒலிக்க முதலில் ஸ்பீக்கர் வேண்டுமே! புதிய போர்டுகள் பலவற்றில் அது இருப்பதில்லை. 'ஸ்பீக்கர்' என்று குறித்த நான்கு பின்களில் செருகும் சின்னப் பஸ்ஸர் ஒன்று குறைந்த விலையில் கிடைக்கும், வாங்கி மாட்டுங்கள். அதன் பிறகு எல்லா ரேமையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது கத்தினால் நல்ல செய்தி: பிராசஸர், பயாஸ், எஸ்.எம்.பி.எஸ். மூன்றும் பெருமளவு உயிரோடு இருக்கின்றன. ரேமே இல்லாமலும் மௌனம் என்றால், பிராசஸருக்கு அருகே செருகும் 4 அல்லது 8 பின் மின் ஒயரைப் பாருங்கள். அது விட்டுப்போனால் விசிறி மட்டும் சுற்றும்.

போர்டில் சி.பி.யூ. (பிராசஸர்), டிராம் (ரேம்), வி.ஜி.ஏ. (கிராபிக்ஸ்), பூட் (கணினி தொடங்கும் கட்டம்) என்று நான்கு சிறு விளக்குகள் இருந்தால் பஸ்ஸரே தேவையில்லை. எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். டி.டி.ஆர். 5 ரேம் போட்ட புதுக் கணினி என்றால் ஒரு எச்சரிக்கை: முதல் முறை ரேமைப் பழக்கிக்கொள்ள அது சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும். அதற்குள் பவரை அணைத்து அணைத்துப் போடாதீர்கள்.

கேள்வி: ஆன் செய்ததும் ஒரே ஒரு குட்டை பீப், பிறகு எல்லாம் சரியாக ஓடுகிறது. பயப்பட வேண்டுமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: வேண்டாம். பெரும்பாலான போர்டுகளில் அது 'எல்லாம் நலம்' என்ற குரல்.

கேள்வி: மடிக்கணினி ஐந்து முறை பீப் அடித்து நிற்கிறது. தேதியும் அடிக்கடி மாறிவிடுகிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: தேதி மாறுவதைச் சொன்னது நல்லது, அதுவே பாதி விடை. டெல் கணினிகளில் ஐந்து பீப் என்றால் கடிகாரத்துக்கும் அமைப்புகளுக்கும் மின்சாரம் தரும் சிறு பேட்டரி. (இரண்டு என்றால் ரேம் இல்லை, நான்கு என்றால் ரேம் படிக்க முடியவில்லை, ஆறு கிராபிக்ஸ், ஏழு பிராசஸர்.) அந்தப் பேட்டரி பெரும்பாலும் சி.ஆர். 2032, மூன்று வோல்ட். மல்டிமீட்டரில் 2.7க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். மடிக்கணினியில் அதே பேட்டரி ஒயரோடு உறையில் வரும், அந்த வகையையே கேட்டு வாங்குங்கள்.

சில கணினிகள் பீப்புக்குப் பதில் விளக்கால் கண் சிமிட்டும். 2015க்குப் பிந்தைய ஹெச்.பி. அலுவலக வகைகளில் சிவப்பு மூன்று, வெள்ளை இரண்டு என்றால் ரேம். சிவப்பு மூன்று, வெள்ளை மூன்று என்றால் கிராபிக்ஸ்.

கேள்வி: எல்லாப் பாகத்தையும் மாற்றிப் பார்த்தாயிற்று. சில விநாடிக்கொரு முறை வரும் பீப் மட்டும் நிற்கவில்லை. கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடுகிறது.
– வாசகர், மதுரை

பதில்: மேஜைக்கு அடியில் இருக்கும் யு.பி.எஸ்.ஸின் மேல் காதை வையுங்கள். கரன்ட் இல்லாதபோதும், சுமை அதிகமானபோதும், பேட்டரி தேய்ந்தபோதும் அது இப்படித்தான் கூப்பிடும். சத்தம் அங்கிருந்துதான் என்றால், அதன் பின்புறம் மாட்டியிருப்பதில் மானிட்டரும் கணினியும் தவிர மற்றவற்றைக் கழற்றுங்கள். பிரின்டர், குறிப்பாக லேசர் பிரின்டர், வீட்டு யு.பி.எஸ்.ஸில் மாட்டக் கூடாது. கழற்றியும் கத்தினால், இரண்டு மூன்று வருடம் ஆன பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.