கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் இசையில் ஆன்மிக அனுபவம் வாய்க்குமா?

வாய்க்கும். இங்கே ஆன்மிக அனுபவம் என்பது, 'நான்' என்ற நினைப்பு சற்றுத் தளர்ந்து, உடல் சிலிர்த்து, தன்னைவிடப் பெரிய ஒன்றில் கரைந்ததுபோல் தோன்றும் நிலை. நாகசுரத்தில் தோடி ராக ஆலாபனையை, அதாவது அந்த ராகத்தை மெல்ல விரித்து வாசிப்பதைக் கேளுங்கள்: அதில் பாடல் வரியோ தெய்வத்தின் பெயரோ கிடையாது, கலைஞர் மேல் ஸட்ஜத்தை (மேல் 'ஸ') தொடாமல் அதற்கு முந்தைய சுரமான நிஷாதத்தையே ('நி') நெடுநேரம் சுற்றிவந்து, நம் எதிர்பார்ப்பை ஏற்றிக்கொண்டே போய், ஒருவழியாக அந்த ஸட்ஜத்தில் வந்து நிற்கும்போது கண் கலங்கிவிடுகிறது. இத்தகைய காத்திருப்பின்போதும் உச்சத்தின்போதும் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதை மான்ட்ரியல் ஆய்வாளர்கள் 2011-இல் பதிவு செய்தனர். ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் அடிவயிறு கூசுவதற்கு நம்பிக்கை எதுவும் தேவையில்லை அல்லவா, அதுபோலத்தான். இராமனைப் பாடும் தியாகராஜர் கிருதியைக் கேட்டு உருகும் நாத்திகர் உள்ளூரப் பக்தர்தான் என்று பலர் (சற்று மகிழ்ச்சியோடே) சொல்வதுண்டு. அந்த உருக்கம் இசைக்கு அவர் தரும் மறுமொழியே தவிர, இராமனை ஏற்றுக்கொண்டதற்கான சான்று அல்ல.