எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்தும் வேலை நடக்கவில்லையா?

கேள்வி: எங்கள் ஊர் ஓடையின் தரைப்பாலம் ஐப்பசி மழைக்கு மூழ்கிவிடுகிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடிவதில்லை. எம்.எல்.ஏ.விடம் இரண்டு முறை மனு கொடுத்தோம். “பார்க்கலாம்” என்றதோடு சரி. இனி என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தச் சாலை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊராட்சி ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா? வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். “பாலம் வேண்டும்” என்று மட்டும் எழுதிய மனுவை எந்தத் துறைக்கு அனுப்புவது என்று தெரியாமல் கட்டோடு கட்டாக வைத்துவிடுவார்கள். பல நியாயமான மனுக்கள் இப்படித்தான் வீணாகின்றன.

ஒன்றியச் சாலை, வேலையும் சிறியது என்றால் எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதியில் கேளுங்கள். தமிழ்நாட்டில் தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்; எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வுக்கும் அதே தொகைதான். பணியை அவர் பரிந்துரைப்பார், கலெக்டர் அனுமதி தருவார். இதுவரை எந்த ஊருக்கு என்ன வேலை, எவ்வளவு மிச்சம் என்று மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தத் தாளோடு போனால் “நிதி இல்லை” என்று எளிதில் சொல்ல முடியாது.

வெள்ளத்தில் மூழ்காத உயர்மட்டப் பாலத்துக்கு அந்த நிதி போதாது. துறைதான் கட்ட வேண்டும். அப்போது உங்கள் எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பவும், அந்தத் துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசவும் வேண்டும். இதை பட்ஜெட் கூட்டத்தொடருக்கு முன்பே, தை மாதவாக்கில் கேட்டுவிடுங்கள். அறிவிப்புகள் வந்தபின் போனால் அடுத்த ஆண்டுதான்.

அதற்குள் கிராம சபையில் தீர்மானம் போட்டுவிடுங்கள். அக்டோபர் 2, ஜனவரி 26 இரண்டும் தோதான நாட்கள். ஒருவரின் மனுவைவிட ஊர்த் தீர்மானத்துக்கு எடை அதிகம்.

எம்.எல்.ஏ.வை நேரில் பார்க்க ஐந்தாறு பேர் போனால் போதும். அந்தப் பாலத்தைக் கடக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் பேசட்டும். அவர்களைவிட இதைச் சரியாகச் சொல்ல யாராலும் முடியாது. மனு ஒரே பக்கம், கூடவே தீர்மான நகல், பாலத்தின் மேல் வெள்ளம் ஓடும் படம். உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்க மறக்காதீர்கள். அப்புறம், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கலெக்டரிடமும் கொடுத்து மனு எண் வாங்குங்கள். மூன்று வாரம் கழித்து எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போகும்போது அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.